ஐயரவர்கள் கொண்ட சுற்றம்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களை நினைக்குந்தோறும் நம்மவர் மனக்கண்முன் ஓர் உருவம் தோன்றும். தலைப்பாகை அணிந்த தனி மனிதர். எதிரே செல்லரித்த ஏட்டுச்சுவடி. அருகே ஓர் எண்ணெய் விளக்கு. அவர் ஒருவராகவே ஊர் ஊராக அலைந்தார், ஒருவராகவே தேடினார், ஒருவராகவே பதிப்பித்தார் என்று மேடைதோறும் பேசுகின்றோம். நானும் இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பில் அவ்வாறே சொல்லிவந்தேன். அது பொய்யென்று சொல்ல வரவில்லை. அது பாதி உண்மை. மற்றைப் பாதியை எனக்குக் காட்டியவள் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி.

ஐயரவர்கள் எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலைப் படித்து, அதில் வரும் பெயர்களை எழுதிக்கொண்டு வருமாறு மாணவருக்குச் சொல்லியிருந்தேன். மற்றையோர் பெயர்களை வரிசையாக எழுதி வந்தனர். அவளோ ஒரு பெரிய தாளில் புள்ளிக்கோலம் போட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. ஒருவரையொருவர் அறிந்திருந்தால் இருவருக்குமிடையே ஒரு கோடு. ஆசிரியர் மாணவர் உறவுக்கு ஒரு நிறம். ஏடு கொடுத்ததற்கு ஒரு நிறம். பணம் உதவியதற்கு ஒரு நிறம். கடிதம் எழுதியதற்கு ஒரு நிறம். அந்தத் தாளை மேசைமேல் விரித்துப் பார்த்தபோது எனக்குச் சிறிது வியப்பும், சிறிது வெட்கமும் உண்டாயின. நான் தனி மனிதரென்று சொல்லிவந்தவர் அங்கே ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே நின்றார்.

மேனாட்டில் இதனை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். 1932 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டு வார காலத்துள் பதினான்கு பெண்கள் ஓடிப்போயினர். ஜேக்கப் மொரேனோ என்னும் மருத்துவர் அதன் காரணத்தை அப்பெண்களின் தனித்தனிக் குணத்திலே தேடவில்லை. யார் யாரோடு நட்புடையவர் என்று புள்ளியும் கோடுமாக வரைந்து, ஓடும் எண்ணம் அந்தக் கோடுகளின் வழியே பரவியதென்று காட்டினார். 1934 இல் அதனை நூலாக வெளியிட்டார். 1954 இல் ஜோன் பார்ன்ஸ் என்பவர் நோர்வே நாட்டு மீன்பிடி ஊரொன்றை ஆராய்ந்து, மக்கள் உறவை ஒரு வலையாகக் கண்டார். 1973 இல் மார்க் கிரனோவெற்றர் என்பவர், ஒருவனுக்குப் புதிய செய்தியும் புதிய வேலையும் பெரும்பாலும் நெருங்கிய நண்பரிடமிருந்து வருவதில்லை, எப்போதோ சந்திக்கும் அறிமுகக்காரரிடமிருந்தே வருகின்றன என்று எழுதினார். நெருங்கியவர் அறிந்ததெல்லாம் நாமும் அறிந்ததே ஆதலின், புதியது தொலைவிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர் கருத்து. சமூக வலைப்பின்னல் ஆய்வு என்று இன்று இதனை வழங்குகின்றனர். எங்கள் தோட்டத்துப் பெண்ணோ வாசற்கோலத்திலிருந்து இதனைக் கற்றுக்கொண்டாள்.

இனி ஐயரவர்கள் வாழ்க்கையை அந்தக் கோலத்தின் வழியே நோக்குவோம்.

1855 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த சூரியமூலையில் அவர் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். வறுமை நிறைந்த குடும்பம். தந்தையாரோ மைந்தன் சங்கீதமும் கற்கவேண்டுமென்று விரும்பினார். மைந்தனுக்கோ தமிழின்மேல் தணியாத காதல். அரியிலூர்ச் சடகோபையங்கார் முதலாகப் பலரிடம் சிறிது சிறிதாகக் கற்றார். செங்கணத்து விருத்தாசல ரெட்டியாரிடம் வந்தபோது, இதற்குமேல் கற்பதற்குத் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமே செல்லவேண்டும் என்று அவர் வழிகாட்டினார். தம்மிடம் உள்ள மாணாக்கனை மற்றொருவரிடம் அனுப்பும் ஆசிரியர் எத்தனை பேர்? கோலத்தில் ரெட்டியாருக்கு இரண்டே கோடுகள். ஆயினும் அவ்விரண்டும் இல்லையானால் பின்னுள்ள கோலமே இல்லை.

1871 இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்தார். வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் என்று நிலைத்ததும் அங்கேதான். பிள்ளையவர்களைச் சூழ்ந்திருந்த மாணாக்கர் கூட்டம் விந்தையானது. சைவர் இருந்தனர், அந்தணர் இருந்தனர், சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர் இருந்தார், நாகூர் குலாம்காதிறு நாவலர் என்னும் இஸ்லாமியரும் அவரிடம் பாடம் கேட்டவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருடைய நண்பர். ஓர் ஆசிரியரைச் சுற்றிச் சாதியும் சமயமும் வேறான பலர் ஒருங்கு கூடியிருந்தமையால், அந்த வட்டத்துள் புகுந்த பதினாறு வயது இளைஞனுக்குப் பல வாயில்கள் ஒரே நாளில் திறந்தன. 1876 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் காலமாயினார். ஆசிரியர் மறைந்தாலும் ஆசிரியர் ஏற்படுத்திய உறவுகள் மறையவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் இளைஞரை ஆதரித்துப் பாடமும் சொன்னார். பிள்ளையவர்களின் பழைய மாணாக்கராகிய தியாகராச செட்டியார் 1880 இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெறும்போது, தம் பதவியை ஐயரவர்களுக்கே வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றியை ஐயரவர்கள் மறந்தாரில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். அவ்வீடு 2012 இல் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் பெயரால் 1943 இல் தோன்றிய நூல்நிலையம் இன்றும் இருக்கின்றது.

இதுவரை வந்தவை நெருங்கிய உறவுகள். எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள்; எல்லாரும் ஒரே வகை நூல்களைப் படித்தவர்கள். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம். அந்த வட்டத்துக்குள்ளேயே ஐயரவர்கள் இருந்திருப்பாரானால் நல்ல வித்துவான் ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பார். சங்க நூல்கள் கிடைத்திரா.

அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவர் வந்தார். அவர் சேலம் இராமசுவாமி முதலியார். 1880 இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர். மடத்து வித்துவான்களோடு கலந்து பழகியவர் அல்லர். ஐயரவர்கள் மரியாதையின் பொருட்டு அவரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களையெல்லாம் அடுக்கிச் சொன்னார். முதலியார் முகத்தில் சிறிதும் மலர்ச்சி இல்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று அவர் வினவினார். இல்லை என்பதன்றி ஐயரவர்களுக்கு வேறு விடை இல்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

இந்நிகழ்ச்சியை அறியாத தமிழாசிரியர் இல்லை. ஆயினும் கோலத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகின்றது. முதலியாரின் புள்ளி ஓர் ஓரத்தில் இருந்தது. அதிலிருந்து நடுவுக்கு வந்தது ஒரே கோடு. அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து மறைத்துப் பாருங்கள் என்றேன். மறைத்தால் கோலத்தின் வலப்பாகம் முழுவதும் அறுந்துபோகின்றது. சமணர் இல்லை, பாரிஸ் நகரம் இல்லை, புறநானூறு இல்லை. பல கோடுகளை உடையவன்தான் பெரியவன் என்று எண்ணுகின்றோம். ஒரே கோட்டினால் இரு உலகங்களை இணைப்பவனும் உண்டு.

சிந்தாமணி சமண காவியம். சமண சமயத்துக் கொள்கைகள் சைவ மடத்தில் கற்ற ஐயரவர்களுக்குப் புலப்படவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் ஐயங்களை நீக்கினர். பக்கத்துத் தெருவில் பரம்பரை பரம்பரையாகப் படிக்கப்பட்டுவந்த நூலொன்று, மடத்து வித்துவான்களுக்குக் கிடைத்தற்கரிய நூலாக இருந்தது. தெருவின் தூரம் சில நூறு அடி. உறவின் தூரமோ பல நூற்றாண்டு. பின்னர் மணிமேகலையை ஆராய்ந்தபோதும் அவ்வாறே பௌத்தக் கொள்கைகளை விளங்கிக்கொள்ள மளூர் ரங்காசாரியார் துணைபுரிந்தார். சைவ மடத்துப் பிள்ளை ஒருவர் சமணரிடமும் வைணவரிடமும் கேட்டறிந்து பௌத்த நூலைப் பதிப்பித்தார் என்பது நினைத்து இன்புறத்தக்கது.

1887 இல் சீவகசிந்தாமணி வெளிவந்தது. முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டி அச்சிட்ட நூல் அது. 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு, 1898 இல் மணிமேகலை, 1903 இல் ஐங்குறுநூறு, 1904 இல் பதிற்றுப்பத்து, 1918 இல் பரிபாடல், 1937 இல் குறுந்தொகை. இந்த அட்டவணையைப் பரீட்சைக்காக மாணவர் மனனம் செய்கின்றனர். ஒவ்வோர் ஆண்டின் பின்னும் எத்தனை வாயிற்படிகள் ஏறி இறங்கவேண்டியிருந்தது என்பதனையும் அவர்கள் அறிதல் நன்று.

பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலிச் சீமையில் அலைந்தபோது, ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகளைச் சென்றடைந்தார். இலக்குமண கவிராயர் வீட்டில் தேடியது கிடைக்கவில்லை. அவருடைய சம்பந்தி வழியில் வந்த மற்றொரு வீட்டிலிருந்தே கிடைத்தது. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர் வரும் இடத்தில் சில பெயர்கள் எந்தப் பிரதியிலும் இல்லை. அவை தருமபுர ஆதீனத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் தோன்றியது. ஆயின் திருவாவடுதுறைக்கும் தருமபுரத்துக்கும் அக்காலத்தில் மனவேற்றுமை. ஐயரவர்களோ திருவாவடுதுறையைச் சார்ந்தவர். தயக்கத்தோடு சென்றார், தருமபுரத்துத் தலைவர் தடை சொல்லாமல் ஏடுகளைப் பார்க்க இசைந்தார். விளக்கொளியில் நெடுநேரம் கட்டுக்களை அவிழ்த்து அவிழ்த்துத் தேடியபின் உதிர்ந்த மலர்கள் கிடைத்தன. இரு மடங்களுக்கு இடையே அறுந்துகிடந்த இடத்தில் ஒரு மனிதர் நடந்துபோய்க் கோடு கிழித்தார் என்க. நாம் இன்று வகுப்பில் அத்தனை மலர்களின் பெயரையும் தடையின்றிச் சொல்கின்றோமே, அஃது ஒரு பகையைப் பொருட்படுத்தாமையால் விளைந்த பயன்.

எல்லாக் கோடுகளும் இனித்தன என்று சொல்லமுடியாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிச் சென்றபோது, அவை சிதைந்த ஏடுகள் என்று ஆகுதியாக நெருப்பில் இடப்பட்டமையை அறிந்து வருந்தினார். சிந்தாமணி வெளிவந்தபின் குறைகூறிக் கண்டனம் எழுதினாரும் உளர்.

நம் நாட்டினர் இந்தக் கோலத்தில் பெற்ற இடம் சிறியதன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் தோன்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். 1881 இல் வீரசோழியத்தையும், 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தவர். அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி ஐயரவர்களைக் கேட்டார். ஐயரவர்கள் மனம் ஊசலாடியது. முடிவில் தாமே பதிப்பிப்பதென்று துணிந்தார். ஒரே பொருளை இருவர் விரும்பினால் பகை வருவது இயல்பு. இங்கே போட்டி இருந்தது, பழக்கம் அறவில்லை. கொழும்பிலிருந்து பொ. குமாரசாமி முதலியார் ஐயரவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு ஆதரவு நல்கினார். திருவாவடுதுறை ஆதீனம் 1849 இல் நம் ஆறுமுக நாவலருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. ஐயரவர்கள் அம்மடத்துக்குச் செல்வதற்கு முன்னரே யாழ்ப்பாணத்துக்கும் காவிரிக் கரைக்கும் நூல் ஒன்று கட்டப்பட்டிருந்தது. பின்வந்தோர் அதனைப் பற்றி நடந்தனர்.

கடல் கடந்தும் கோடுகள் சென்றன. பாரிஸ் நகரத்திலிருந்து ஜூலியன் வின்சன் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் தமிழில் கடிதம் எழுதினார்; அந்நகரத்து நூல்நிலையத்தில் இருந்த தமிழ்ச் சுவடிகளைப்பற்றித் தெரிவித்தார். ஒக்ஸ்போர்டிலிருந்து ஜி. யு. போப் ஐயர் எழுதினார். இவர்களுள் வின்சனை ஐயரவர்கள் அறிந்தது தபால் உறையின் வழியே. இதற்கு ஐயரவர்கள் பதிப்பித்த புறநானூற்றிலேயே முன்மாதிரி உண்டு. பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் சோழநாட்டுக் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையாருக்கென்று இடம் ஒதுக்கிவைத்தான். அவரும் வந்து சேர்ந்தார். காணாத நட்பும் ஒரு கோடுதான் என்பதைச் சங்கத்துச் சான்றோர் அறிந்திருந்தனர்.

1903 இல் ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906 இல் மகாமகோபாத்தியாயப் பட்டம். 1919 இல் ஓய்வு. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைமை. 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். வாழ்க்கைச் சரிதத்தை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவருகையில், அது முற்றுப்பெறுமுன் 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் செய்த மற்றொரு செயல்தான் இந்தக் கோலத்துக்கே அடிப்படை. தமக்கு வந்த கடிதங்களை அவர் எறிந்துவிடவில்லை. கட்டிக் காத்துவைத்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரை வந்தவை ஆ. இரா. வேங்கடாசலபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2018 இல் நூலாகவும் வந்துள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். ஐயரவர்கள் நடுவே நிற்கின்றார் என்று மகிழ்கின்றோம். அவர் நடுவே நிற்பதற்கு அவருடைய பெருமை ஒரு காரணம். அவர் கடிதங்களைக் காத்தமை மற்றொரு காரணம். கடிதத்தைக் காத்து வையாதவர் எத்துணைப் பேரோடு பழகியிருந்தாலும் கோலத்தில் ஒற்றைப் புள்ளியாகவே நிற்பார். கோலம் உள்ள உறவைக் காட்டுவதன்று. எஞ்சிய உறவைக் காட்டுவது.

இதனை நான் வகுப்பில் விளக்கியபோது அந்த மாணவி எழுந்து ஒன்று கேட்டாள். ஏட்டைக் கொடுத்தவர் பெயர் இருக்கின்றது. பணம் கொடுத்தவர் பெயர் இருக்கின்றது. உடனிருந்து உழைத்த திருமானூர்க் கிருஷ்ணையர், இராமாநுஜாசாரியார் பெயர்கள் இருக்கின்றன. நூறு ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஏட்டைப் படியெடுத்து வந்தவர்கள் எங்கே, ஐயா? அச்சுக் கோத்தவர் எங்கே? கடிதத்தைச் சுமந்து சென்ற தபால்காரர் எங்கே? எனக்கு விடை தோன்றவில்லை. ஏடு எழுதினோர் சிலர் இறுதி ஓலையில் தம் பெயரையும் ஊரையும் பொறித்ததுண்டு. பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை என்றேன். அவள் தாளின் ஓரத்தில் பெயரில்லாத புள்ளிகளை வைத்தாள்.

தபால்காரர் என்ற சொல் என் நெஞ்சைத் தொட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஊவா மலைத்தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். 1924 இல் புகையிரதம் பதுளை வரை வந்துவிட்டது. கொழும்பிலிருந்து கடிதம் மறுநாள் பதுளைக்கு வந்துவிடும். பதுளையிலிருந்து எங்கள் லயத்துக்கு வருவதற்குத்தான் நாள் ஆகும். லயத்துக்குத் தனி முகவரி இல்லை. எல்லாக் கடிதமும் தோட்டத்துக் கந்தோருக்கே போகும். அங்கிருந்து யாரேனும் நினைத்துக் கொடுத்தால் உண்டு. இளமையில் நான் எழுதவேண்டியிருந்த ஒரு பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்து நான்காம் நாள் என் கைக்கு வந்தது. மேசை அறைக்குள் கிடந்ததாம். என் தந்தையார் அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, தாமதமாயிற்று என்று ஒருவரையும் கேளாமல், கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு ஓர் ஆண்டு போயிற்று. பலருக்கு ஒரு வாழ்க்கையே போயிருக்கும். தோட்டத்து மக்களுக்குத் தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கை இந்த நூற்றாண்டிலும் எழுப்பப்பட்டு வருகின்றது.

உத்தமதானபுரத்து ஏழைப் பிள்ளையும் நாங்களும் வறுமையில் ஒத்தவர்கள். ஆயின் அவருக்கு எழுதியவர் கடிதம் அவரைச் சேர்ந்தது. பாரிஸிலிருந்து வந்த உறை கும்பகோணத்தில் அவர் கையில் விழுந்தது. அறிவு ஒருவன் தலைக்குள் மட்டும் இருப்பதன்று; அவனிடம் வந்து சேரும் வழிகளிலும் இருக்கின்றது. வழி அடைபட்டவனை அறிவற்றவன் என்று உலகம் சொல்லிவிடுகின்றது. எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளைப்பற்றிப் பலகாலம் அவ்வாறு சொல்லப்பட்டதன் மருமம் இதுவே என்று நான் எண்ணுகின்றேன்.

ஆதலின் தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். புலவர் வரலாறு கற்பிக்கும்போது பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவரைச் சுற்றியிருந்தோரைப் புள்ளியாக வைத்து மாணவரைக் கோலம் போடச் சொல்லுங்கள். விருத்தாசல ரெட்டியார் போலத் தம் மாணாக்கனை மற்றொரு வாயிலுக்கு அனுப்பும் மனமும் நமக்கு வேண்டும். மாணவருக்கு வந்த கடிதங்களையும், அவர்கள் பாட்டன் பாட்டியருக்கு இந்தியாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள் இருந்தால் அவற்றையும், கறையான் தின்னாமல் காத்துவைக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கோலத்தாள் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கின்றது. சென்ற மாதம் அதன் ஒரு மூலையில் அந்த மாணவி புதிதாக ஒரு புள்ளி வைத்திருப்பதைக் கண்டேன். அது யார் என்று கேட்டேன். தோட்டத்திலிருந்து நாள்தோறும் பதுளைக்கு இறங்கித் தபாற்பை சுமந்து ஏறிய தன் பாட்டனார் என்றாள். அவர் ஐயரவர்களை அறிந்தவர் அல்லர். ஆகவே கோடு இழுக்கவில்லை, புள்ளி மட்டும் வைத்தேன் என்றாள். அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.